அக்குபங்சருக்கு முதன்முறை போகிறீர்களா? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வலை இழுத்து இழுத்துக் குறுக்கு பிடித்துக்கொண்டவர், பாசி எடுக்கக் குனிந்தே முட்டி தேய்ந்தவர், நாள் முழுக்க உட்கார்ந்து வலை பின்னிப் பிடரி இறுகிப்போனவர். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் எந்த ஊரிலும் இவர்களைப் பார்க்கலாம். வலி மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணான பிறகு வேறு வழி உண்டா என்று கேட்கிறார்கள். யாரோ ஒருவர் அக்குபங்சர் என்ற சீன ஊசி வைத்தியம் பார்க்கச் சொல்கிறார். அப்படி முதன்முறை போகிறவர்களுக்காக எழுதியது இது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அக்குபங்சரால் பலன் கிடைக்க வாய்ப்புள்ளது நாள்பட்ட வலிக்கும் குமட்டலுக்கும்தான். அதுவும் நீங்கள் ஏற்கெனவே எடுத்துவரும் மருத்துவத்தோடு சேர்த்துச் செய்யும்போதுதான். சுகர் மாத்திரை, இன்சுலின், பிரஷர் மாத்திரை, காசநோய் மருந்து, வலிப்பு மருந்து இவற்றில் எதையும் நிறுத்தச் சொல்கிறவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி என்ன செய்கிறது

மருந்து ஏற்றும் ஊசியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அக்குபங்சர் ஊசியில் துளை கிடையாது, மருந்தும் கிடையாது. துருப்பிடிக்காத எஃகினால் ஆன மெல்லிய கம்பி, அவ்வளவுதான். தடிமன் 0.16 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதிகம் புழங்குவது 0.25 மில்லிமீட்டர் தடிமனும் 25 அல்லது 40 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஊசி. லேபில் ரத்தம் எடுக்கும் ஊசியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் தோலைத் தாண்டும்போது எறும்பு கடித்த அளவுக்குத் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது.

உடலில் உயிராற்றல் ஓடும் 14 பாதைகள் உண்டு, அவற்றின்மேல் புள்ளிகள் உண்டு என்பது சீன மரபு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அளவீட்டில் 361 புள்ளிகளுக்கு இடம் வரையறுத்திருக்கிறார்கள். எஸ்.டி. 36, எல்.ஐ. 4, பி.சி. 6 என்று வைத்தியர் சீட்டில் எழுதுவது அந்தப் புள்ளிகளைத்தான். எஸ்.டி. என்றால் வயிற்றுப் பாதை, எல்.ஐ. பெருங்குடல் பாதை, பி.சி. இதய உறைப் பாதை. 'பெருங்குடல் பாதையில் அடைப்பு' என்று அவர் சொன்னால் உங்கள் குடலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது அந்த மரபின் பெயர், ஸ்கேனில் தெரியும் நோய் இல்லை. இந்தப் பாதைகளை நரம்பு, ரத்தக்குழாய் போல உடலுக்குள் காட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உடற்கூறு வழியாகத் தெரிந்தது வேறு. ஊசி தசையில் இறங்கும்போது அங்குள்ள நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன. அந்தச் செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய், உடல் தானே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்பின் போன்றவற்றை வெளியே விடுகிறது. அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் அக்குபங்சரின் வலிக்குறைப்பும் குறைகிறது என்பதை 1970களிலேயே சோதித்துப் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு ஜெர்மானிய ஆய்வைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிப்பது நேர்மையாகாது. 2007இல் வெளியான அந்த ஆய்வில் நாள்பட்ட குறுக்குவலி உள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி போட்டவர்களில் 44.2 சதவீதம். மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4 சதவீதம். ஊசி போட்டுக்கொண்டது உதவியிருக்கிறது. ஆனால் புள்ளி தப்பாமல் போட்டதற்கும் தப்பிப் போட்டதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. தொடுகை, ஓய்வு, நம்பிக்கை, ஊசியின் தூண்டல் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன போலும். எனவே 'எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியப் புள்ளி' என்று யாராவது சொன்னால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சுத்தமாகவும் சரியான ஆழத்திலும் ஊசி போடத் தெரிந்தவர் போதும்.

எதற்குப் போகலாம்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் குறுக்குவலி, பிடரிவலி, தோள்பட்டை வலி, அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி, இறுக்கத்தால் வரும் தலைவலி. இவற்றுக்குப் போய்ப் பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலுக்கும் வாந்திக்கும் மணிக்கட்டுக்கு மேலே உள்ள பி.சி. 6 புள்ளியைத் தூண்டுவது உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. புற்றுநோய்க்கு கீமோ எடுக்கிறவர்களின் குமட்டலுக்கும் துணையாகப் பயன்படுத்துகிறார்கள்.

முட்டித் தேய்மானத்தில் நிபுணர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சிலருக்குச் சில மாதம் வலி குறைகிறது. ஆனால் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதே அமைப்பு 2021இல் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு அதைப் பயன்படுத்தலாம் என்றது. முட்டிவலிக்காரர்கள் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை முதலில் வையுங்கள், ஊசியை அதற்குத் துணையாக வையுங்கள். தேய்ந்த குருத்தெலும்பை ஊசி திரும்ப வளர்க்காது.

புகையை விட, எடை குறைக்க, குழந்தைப் பேறுக்கு என்றும் விளம்பரம் செய்கிறார்கள். இவற்றுக்கு நம்பத்தகுந்த பலன் தெரியவில்லை. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு செய்துகொள்ளும் பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் ஊசி போட்டதால் குழந்தை பிறப்பது கூடவில்லை. 'உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த நோய்கள்' என்று நீண்ட பட்டியலை போர்டில் எழுதி வைத்திருப்பார்கள். அது 2000த்தை ஒட்டி, அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிய ஓர் அறிக்கையிலிருந்து எடுத்தது. அவற்றில் பல சிறியவை, தரம் குறைந்தவை. அந்தப் பட்டியலைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஊசிக்கு முன் ஆசுபத்திரி

இந்தப் பகுதியைத்தான் வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் அக்குபங்சருக்கு நேரமில்லை, 108ஐக் கூப்பிடுங்கள்.

நெஞ்சு அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை கால் விளங்காமல் போதல், பேச்சு குழறல். இந்தப் பக்கவாத அறிகுறிகளுக்கு முதல் நாலரை மணி நேரத்துக்குள் ஆசுபத்திரியில் சேர்ந்தால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க முடியும். ராமேஸ்வரம் தீவிலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ ராமநாதபுரம் வந்து சேரும் நேரத்தையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். குறுக்குவலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவதும், உட்காரும் இடம் மரத்துப் போவதும் அவசரம்தான். படகிலிருந்து விழுந்த பிறகு வந்த முதுகுவலி, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, எடை குறைந்துகொண்டே போகும்போது வரும் வலி, இவற்றுக்கெல்லாம் படம் எடுத்துப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது.

நம் கரைக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. சங்கு குளிக்கப் போகிறவர்கள், கம்பரசர் காற்றை வைத்து ஆழத்தில் வேலை செய்கிறவர்கள் மேலே வந்த சில நிமிடத்திலோ ஒரு நாளுக்குள்ளோ தோள், முழங்கை, முட்டியில் கடும் வலி வந்தால் அதைச் சுளுக்கு என்று நினைக்காதீர்கள். ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்சு வாங்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழியாகப் பிரிந்து மூட்டிலும் நரம்பிலும் அடைக்கிறது. கால் மரத்தல், தலைசுற்றல், மூச்சுத் திணறல் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, ஆக்சிஜன் கிடைக்கும் இடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும். ஊசியும் எண்ணெய்த் தேய்ப்பும் அந்த நேரத்தைத் தின்றுவிடும். திருக்கை முள் குத்து, கடல்பாம்புக் கடி இரண்டுக்கும் இதே விதிதான்.

யாரிடம் போவது

மத்திய அரசு 2003இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை வழியாக அனுமதித்தது, 2019இல் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் இதற்குத் தனிச் சட்டம் இயற்றியிருக்கின்றன. தமிழ்நாட்டில் அப்படியில்லை. அதனால் வாரக்கடைசியில் நடக்கும் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும், ஐந்தரை வருடம் படித்தவரும் ஒரே மாதிரி போர்டு மாட்டிக்கொள்ள முடிகிறது. பிரித்தறிவது உங்கள் பொறுப்பாகிறது.

பாதுகாப்பான வழி, பி.என்.ஒய்.எஸ். என்ற யோகா, இயற்கை மருத்துவப் பட்டம் பெற்றவர்களிடம் போவது. ஓர் ஆண்டு பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு அது. உடற்கூறும் படிப்பார்கள், அக்குபங்சரும் படிப்பார்கள். தமிழ்நாட்டு அரசின் பெரிய ஆசுபத்திரிகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. தனியார் இடத்தில் காசு செலவழிக்கும் முன், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை புறநோயாளர் சீட்டுப் பதியும் இடத்தில் அந்தப் பிரிவு எந்த நாளில் இயங்குகிறது, அங்கே ஊசி போடுகிறார்களா என்று விசாரித்துவிடுங்கள். அக்குபங்சர் தனியாகப் பயின்ற எம்.பி.பி.எஸ். மருத்துவர்களும், தசையில் ஊசி போடப் பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்டுகளும் உண்டு.

போய் உட்கார்ந்ததும் கேட்க வேண்டியவை இவை. என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன? ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா? என் கண் முன்னால் உறையைப் பிரிப்பீர்களா? பயன்படுத்திய ஊசியை எங்கே போடுகிறீர்கள்? நல்லவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஓர் ஊசியின் விலை ஒரு டீ விலைகூட ஆகாது. 'உங்களுக்கென்று ஒரு செட் எடுத்து வைத்து, ஸ்பிரிட்டில் போட்டு அடுத்த தடவையும் பயன்படுத்துவேன்' என்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களை ஸ்பிரிட் துடைப்பை நம்பி விட்டுவிட முடியாது.

இங்கே இரண்டு வேறு முறைகளும் அக்குபங்சர் என்ற பெயரோடு கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைச் சில நொடி தொட்டு அனுப்பும் தொடு சிகிச்சை. தொடுவதால் கெடுதல் ஒன்றும் வராது. ஆனால் அங்கேதான் 'மருந்தே கூடாது, டெஸ்ட் எடுக்காதே, தடுப்பூசி போடாதே' என்ற பேச்சு பலமாக இருக்கும். ஆபத்து அந்தப் பேச்சில் இருக்கிறது. இன்சுலினை நம்பி வாழும் சுகர் நோயாளி அதை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் அமிலம் ஏறி மயங்கிவிழலாம். 'உடல் கழிவை வெளியேற்றுகிறது' என்று அந்த வாந்தியையும் மூச்சு வாங்கலையும் விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காத வகையாக மாறி வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒட்டும். மனநல மருந்தும் அப்படித்தான். ஏர்வாடி தர்காவுக்கு வரும் மனநோயாளிகளுக்குத் துவாவை (பிரார்த்தனையை) விடாமலே மருந்தும் கொடுக்கும் அரசு ஏற்பாடு இருக்கிறது. நம்பிக்கையையும் மருந்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இந்த மாவட்டத்தில் இல்லை.

மற்றொன்று ஹிஜாமா. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பலருக்கும் பழக்கமானது. கப்பால் தோலை உறிஞ்சி, பிளேடால் மேலாகக் கீறி ரத்தம் எடுப்பது. அதில் ரத்தம் வெளியே வருவதால் சுத்தத்துக்கான கண்டிப்பு அக்குபங்சரைவிட அதிகமாக இருக்க வேண்டும்: புது பிளேடு, புது கப், கையுறை. ரத்தசோகை உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் அதற்குப் போகக் கூடாது.

போவதற்கு முன்

விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இதற்கு மிகப் பொருத்தம். வாரம் ஒரு முறை என்றாலும் எட்டு தடவை முடித்துவிடலாம். கடலுக்குப் போகும் மாதங்களில் இரண்டு தடவை போய் மூன்று தடவை விட்டுப்போனால், பலன் உண்டா இல்லையா என்றே தெரியாமல் போகும். அதோடு ஊசி போட்ட அன்றே வின்ச்சும் வலையும் இழுப்பது வீண்வேலை. ஒரு நாளாவது தசைக்கு ஓய்வு வேண்டும்.

போகும் நாளில் செய்ய வேண்டியவை:

1. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் லேசாகச் சாப்பிட்டிருங்கள். வெறும் வயிறுதான் மயக்கத்துக்கு முதல் காரணம். நோன்பு வைத்திருக்கிறவர்கள் நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகான நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

2. தண்ணீர் குடித்திருங்கள். சித்திரை வெயிலில் உப்பளத்திலிருந்தோ கரையிலிருந்தோ நேரே வந்து படுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மது குடித்திருந்தால் அன்று போகவே வேண்டாம்.

3. முட்டிக்கு மேலும் முழங்கைக்கு மேலும் ஏற்றிவிட முடிகிற தளர்வான உடை. கைகால் கழுவிக்கொள்ளுங்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள்.

4. எடுக்கும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுபோங்கள். பெயர் தெரியாவிட்டாலும் அட்டையைக் காட்டினால் போதும்.

5. கர்ப்பமாக இருந்தால், நாள் தள்ளிப்போயிருந்தால்கூட, ஊசி எடுக்கும் முன்பே சொல்லுங்கள். எல்.ஐ. 4, கணுக்காலுக்கு மேலே மண்ணீரல் பாதையில் உள்ள எஸ்.பி. 6 போன்ற சில புள்ளிகளைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பது வழக்கம்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, பேஸ்மேக்கர், செயற்கை இதய வால்வு, புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வீங்கியிருக்கும் கை: இவற்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் இணைக்கக் கூடாது. வீங்கிய கையில் ஊசியே கூடாது.

கடலில் வேலை செய்கிறவர்கள் கால், கை விரல்களைக் காட்டிவிடுவது நல்லது. பாறையில் உரசிய சிராய்ப்பு, முள் குத்திய புண், உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த தோல் இருக்கும் இடத்தில் ஊசி இறங்கினால் அங்குள்ள கிருமியும் உள்ளே இறங்கும். நாள்பட்ட சுகரால் பாதம் மரத்துப்போனவர்களுக்குப் பாதத்தில் ஊசியோ, மாசிப்பத்திரி இலைச் சுருட்டைக் கொளுத்திச் சூடு காட்டும் மாக்சாவோ வேண்டவே வேண்டாம். சுடுவது தெரியாமல் கொப்புளமாகி, ஆறாத புண்ணில் முடியும்.

படுக்கையில் நடப்பது

முதல் தடவை ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். வலி எங்கே, எப்போது, எதனால் கூடுகிறது, தூக்கம், பசி, பழைய நோய் என்று கேட்பார். நாக்கைப் பார்ப்பார், இரண்டு கை நாடியும் பிடிப்பார். வலிக்கிற இடத்தைக் கையால் அமுக்கிப் பார்க்காமல் ஊசி எடுக்கிறவர் அவசரக்காரர்.

குறுக்குவலிக்குக் குப்புறப் படுக்க வைப்பார். இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரு பக்கமும் பி.எல். 23 (பி.எல். என்றால் சிறுநீர்ப்பைப் பாதை), முட்டியின் பின்மடிப்பு நடுவே பி.எல். 40, வலி அதிகமாகத் தெரியும் இடத்தில் இரண்டொன்று. முட்டிவலிக்கு முட்டிச்சில்லின் கீழே இரு பக்கமும் உள்ள குழிகள், எஸ்.டி. 36, பித்தப்பைப் பாதையின் ஜி.பி. 34. மொத்தம் 5 முதல் 15 ஊசி சாதாரணம். முன்கூட்டியே சிறுநீர் கழித்துவிட்டு, அரை மணி நேரம் அசையாமல் இருக்கத் தோதாகப் படுத்துக்கொள்ளுங்கள். இருமல் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

அவர் கை கழுவ வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் துடைத்து அது காயும் வரை பொறுக்க வேண்டும். காயும் முன் குத்தினால் எரியும். உறையில் காலாவதித் தேதி இருக்கும், நீங்களே பார்க்கலாம். பிளாஸ்டிக் குழாயைத் தோலில் வைத்து ஊசியின் தலையைத் தட்டுவார், பிறகு குழாயை எடுத்துவிட்டு மெல்ல இறக்குவார். ஊசியின் தண்டை விரலால் தொடக் கூடாது. ஆழம் இடத்துக்கு இடம் மாறும். கையில் ஒரு சென்டிமீட்டர் அளவில் நிற்கும், சதைப்பிடிப்பான புட்டத்தில் நாலைந்து சென்டிமீட்டர்கூடப் போகும்.

சரியான ஆழத்தை அடைந்ததும் கனமாக, மந்தமாக, உள்ளே இழுப்பது போல ஓர் உணர்வு வரும். அது எதிர்பார்ப்பதுதான். சுரீரென்று கரண்ட் அடித்த மாதிரி ஓடினால், எரிந்தால், கூர்மையாக வலித்தால் உடனே சொல்லுங்கள். ஊசி நரம்பையோ ரத்தக்குழாயையோ தொட்டிருக்கலாம், சற்று வெளியே இழுத்தால் சரியாகிவிடும். பொறுத்துக்கொண்டு பேசாமல் கிடப்பதில் ஒரு புண்ணியமும் இல்லை.

20 முதல் 30 நிமிடம் ஊசி உள்ளே இருக்கும். சிலர் ஊசிகளில் கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் விடுவார்கள், தசை துடிப்பது தெரியும். துடிப்பு இதமாக இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது. முடிந்ததும் போட்ட ஊசியை எண்ணி, எடுத்த ஊசியை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். தலைமுடிக்குள்ளும் காதிலும் ஒன்று மறந்துபோவது நடக்கிற விஷயம். எடுத்தவை கெட்டியான, குத்துப்படாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். மருத்துவக் கழிவு விதி அப்படித்தான் சொல்கிறது. சாதாரணக் குப்பைக்கூடையில் போடுவதைப் பார்த்தால் அடுத்த தடவை வேறு இடம் பாருங்கள்.

எதெல்லாம் தவறிப் போகும்

மயக்கம்தான் முதலாவது. முதல் தடவை வருகிறவர்கள், பயந்தவர்கள், உட்கார்ந்தபடி ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு வரும். முகம் வெளுக்கும், வியர்க்கும், குமட்டும். எல்லா ஊசியையும் எடுத்துவிட்டு, படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளியும். பிறகு இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்கலாம். அதனால் முதல் தடவை படுத்தே ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஊசி சிக்கிக்கொள்வது, வளைவது இரண்டும் பெரும்பாலும் நாம் அசைந்ததால். தசை இறுகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும். பிடுங்கக் கூடாது. பழைய நிலைக்கே உடம்பைக் கொண்டுவந்து, சுற்றி மெல்லத் தடவி, இரண்டு நிமிடம் காத்திருந்தால் விட்டுவிடும். ரத்தக்கட்டு நீலமாகத் தெரிந்தால் பஞ்சால் அழுத்திப் பிடித்தால் போதும், சில நாளில் மறையும்.

அரிதானாலும் பயப்பட வேண்டியது நுரையீரல் குத்து. தோள்பட்டை மேட்டின் நடுவே ஜி.பி. 21 என்றொரு புள்ளி உண்டு. வலை இழுக்கிறவர்களுக்கு எப்போதும் இறுகிக் கிடக்கும் இடம் அது, அதனால் ஊசி போட ஆசைப்படும் இடமும் அதுதான். ஆனால் அதன் கீழேயே நுரையீரலின் நுனி இருக்கிறது. ஒல்லியானவர்களுக்கு இடைவெளி மிகவும் குறைவு. மேல்முதுகு, விலா இடுக்கு, நெஞ்சு எல்லாமே அப்படித்தான். அங்கே செங்குத்தாக ஆழமாகப் போடக் கூடாது. தசையைக் கிள்ளித் தூக்கிச் சாய்வாக, மேலாகப் போடுவார்கள் விவரம் தெரிந்தவர்கள். ஊசி போட்டு வீட்டுக்கு வந்த பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சு வாங்கும்போது குத்தலோ, மூச்சு முட்டலோ, வறட்டு இருமலோ வந்தால் 108ஐக் கூப்பிட்டு, ஊசி போட்டதைச் சொல்லி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வாயு என்று நினைத்து இஞ்சிச்சாறு குடித்துப் படுத்துவிடாதீர்கள்.

சில நாள் கழித்து ஊசி போட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கினால் அது கிருமித் தொற்று. மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் வலி கொஞ்சம் கூடித் தெரிவது மட்டும் இயல்பு.

எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது

வாரம் ஒன்றிரண்டு வீதம் 6 முதல் 10 தடவை என்பது வழக்கம். அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு 2020 முதல் நாள்பட்ட குறுக்குவலிக்கு 90 நாளில் 12 தடவை வரை பணம் தருகிறது. குணம் தெரிந்தால் மட்டும் மேலும் 8, தெரியாவிட்டால் அத்தோடு சரி. நம் பையிலிருந்து காசு போகும்போதும் இதே கணக்கு நியாயமானது.

தொடங்கும் நாளிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். வலி பத்துக்கு எத்தனை, வாரத்தில் எத்தனை வலி மாத்திரை, குனிந்து எழ முடிகிறதா, இரவில் எத்தனை முறை வலியால் விழிப்பு வருகிறது. நாலைந்து தடவை முடிந்ததும் திரும்ப எழுதிப் பாருங்கள். ஏழாக இருந்தது ஐந்தாகியிருந்தால் தொடரலாம். ஆறாவது தடவையிலும் அசைவே இல்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் திரும்புங்கள். '40 தடவைக்கு முன்பணம் கட்டுங்கள், தள்ளுபடி உண்டு' என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வலி மாத்திரை குறைந்தால் சந்தோஷம். மற்ற மாத்திரைகளைக் குறைப்பது எழுதிக் கொடுத்த மருத்துவரின் வேலை.

வீட்டில் விரலால் செய்யக்கூடியது

வீட்டில் ஊசி போட முயல வேண்டாம். விரலால் அழுத்துவது போதும்.

குமட்டலுக்கு பி.சி. 6. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மணிக்கட்டு மடிப்பின்மேல் மற்றக் கையின் மூன்று விரலைப் படுக்கையாக வையுங்கள். மூன்றாவது விரலின் விளிம்பு தொடும் இடத்தில், நடுவே ஓடும் இரண்டு தசைநார்களுக்கு இடையில் இருக்கிறது புள்ளி. கையை லேசாக மடக்கினால் நார்கள் எழும்பித் தெரியும். கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் உறுதியாக அழுத்திச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள், பிறகு மறுகை. முதன்முறை படகேறும் பையன்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். கடல் குமட்டலில் இதன் பலன் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் கெடுதல் இல்லை.

நின்று நின்று கால் கடுத்தால் எஸ்.டி. 36. முட்டியை மடக்கி, முட்டிச்சில்லின் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரல் கீழே இறங்கி, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி அமுக்குங்கள். சரியான இடத்தில் மந்தமாக வலிக்கும்.

தலைவலிக்கு எல்.ஐ. 4. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, ஆள்காட்டி விரலுக்குப் போகும் எலும்பின் நடுப்பகுதியை ஒட்டி, எலும்புப் பக்கமாகச் சாய்த்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். வலை இழுத்துக் கையில் வெட்டுக்காயம் இருந்தால், ஆறும்வரை அந்தக் கையை விட்டுவிட்டு மறுகையில் மட்டும் செய்யுங்கள்.